மானிட்டரில் ‘ஸ்ஸ்’ இரைச்சல்: ஸ்பீக்கரை மாற்றணுமா?

மாடியறை_மிக்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். மிக்ஸ் செய்ய ஐந்து இஞ்ச் ஆக்டிவ் மானிட்டர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்டூடியோ ஸ்பீக்கர்) ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். எதுவும் ஓடாதபோதும் ட்வீட்டரில் (கீச்சொலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) ‘ஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சல். பகலில் ஃபேன் சத்தத்தில் தெரிவதில்லை. ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு மிக்ஸ் செய்ய உட்கார்ந்தால் ஒரு மீட்டர் தள்ளியும் கேட்கிறது. ஸ்பீக்கரின் பின்பக்க வால்யூம் முழுசாக வைத்திருக்கிறேன். இன்டர்ஃபேஸில் (லேப்டாப் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) மானிட்டர் குமிழ், கடிகார முள் மாதிரி சொன்னால், ஒன்பது மணி வாக்கில்தான். அதற்கு மேல் திருப்பினால் காது தாங்காது. ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மைக்செட்_மாமா:
அவசரப்படாதீங்க தம்பி. பின்னால் முழுசு, முன்னால் ஒன்பது மணி என்று நீங்களே விடையையும் எழுதிவிட்டீர்கள். அதை அப்படியே தலைகீழாக்குங்கள்.

இன்டர்ஃபேஸின் அவுட்புட் சர்க்யூட்டில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். குமிழைக் குறைத்தால் பாட்டு குறையும், அந்த இரைச்சல் பெரும்பாலும் குறையாது. ஸ்பீக்கர் முழு கெயினில் (பெருக்கும் அளவு) இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பெருக்கும். பாட்டைப் பலமாக அனுப்பி, ஸ்பீக்கரில் கெயினைக் குறைத்தால் சத்தம் அதே அளவு, இரைச்சல் மட்டும் கீழே போகும். திருவிழா மைக்செட்டிலும் இதே கணக்குதான். ஆம்ப்ளிஃபயரை முழுசாக வைத்துவிட்டு மிக்சரில் அடக்கி வாசிப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

முதலில் ஸ்பீக்கர் இரண்டின் பின்பக்கக் குமிழையும் கடைசி வரை குறைத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸை மூன்று மணிக்கு வையுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, நீங்கள் மிக்ஸ் செய்யும் அளவு வரும்வரை பின்பக்கக் குமிழை மெல்ல ஏற்றுங்கள். இரண்டும் ஒரே அளவா என்று பார்க்க மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி) பிங்க் நாய்ஸ் என்கிற சோதனை இரைச்சலை ஓட்டுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்க வேண்டும். சரியாக வந்ததும் குமிழ் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு.

ஸ்பீக்கரில் உள்ளே வரும் சிக்னலின் அளவைத் தேர்ந்தெடுக்கும் +4 / -10 சுவிட்ச் இருந்தால் +4-இல் வையுங்கள். இரண்டுக்கும் ஏறத்தாழ 12 டெசிபல் வித்தியாசம்.

மாடியறை_மிக்ஸ்:
மாமா, செய்து பார்த்தேன். உட்காரும் இடத்தில் இரைச்சல் கேட்கவில்லை! ட்வீட்டரில் காதை வைத்தால் மட்டும் லேசாக இருக்கிறது. ஆனால் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ‘ம்ம்ம்’ என்று இன்னொரு சத்தம். ஆர்சிஏ கேபிள்தான் (டிவி, டிவிடி பிளேயருக்குப் போடும் வகை) போட்டிருக்கிறேன்.

எர்த்_பின்:
அந்த ‘ம்ம்ம்’ வேறு சங்கதி, லெவலை மாற்றினால் போகாது. கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகி அதில் கரண்ட் ஓடுவது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும்தான் கேட்கின்றன. டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிளுக்கு (வெளி இரைச்சலைத் தானே கழித்துவிடும் வகை) மாறுங்கள், லேப்டாப்பையும் ஸ்பீக்கர்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடிக்கும்.

மைக்செட்_மாமா:
சரியாகச் சொன்னார். மிச்சமிருக்கும் ‘ஸ்ஸ்’ யாருடையது என்று தெரிய, ஸ்பீக்கரை அணைத்து ஆடியோ கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். அப்போதும் வந்தால் அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல். எல்லா ஆக்டிவ் மானிட்டரிலும் கொஞ்சம் இருக்கும், விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஆன் செய்யும்போது இன்டர்ஃபேஸ் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். இப்போது இன்டர்ஃபேஸ் குமிழ் மேலே இருப்பதால் ‘டப்’ என்று வந்தால் பலமாகவே வரும்.