வீட்டுக் குழு: மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவேந்தல்

தங்கச்சி (விசுவமடு): நாளை வானில் மகளை ஏற்றுவதா விடுவதா என்று தெரியவில்லை. மூன்று இரவுகளாகத் தூக்கத்தில் "கையை விடாதே" என்று கத்துகிறாள். மச்சாள் அனுப்பிய பேய்ப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சின்னம்மா (புதுக்குடியிருப்பு): வற்றாப்பளை அம்மனிடம் ஒரு நூல் கட்டு பிள்ளை.

அண்ணா (ரொறன்ரோ): பிள்ளைகளுக்குப் பழைய கதை வேண்டாம் என்று அன்றே சொன்னேன்.

மச்சாள் (ரொறன்ரோ): அது பேய்ப் புத்தகம் இல்லை.

பெரியக்கா (கிளிநொச்சி): அது பற்றிக் நெஸ் 2011இல் எழுதிய 'எ மான்ஸ்டர் கோல்ஸ்'. சிவோன் டவுட் என்ற எழுத்தாளர் 2007இல் புற்றுநோயால் இறந்தபோது விட்டுச்சென்ற கருவை அவர் நாவலாக்கினார். கொனருக்கு 13 வயது, தாய்க்குத் தீராத நோய். இரவு 12:07க்கு ஒரு யூ மரம் பூதமாக எழுந்து வந்து, மூன்று கதைகளைத் தான் சொல்லிவிட்டு, நான்காவதை நீ சொல் என்று அவனை நெருக்குகிறது. அவன் சொல்ல அஞ்சுவது தன் கனவை: பாறை விளிம்பில் தொங்கும் தாயின் கையை அவனே விட்டுவிடுகிறான், அன்பில்லாமல் அல்ல, இந்த வேதனை முடிந்தால் போதும் என்ற தவிப்பில். பூதம் தின்ன வரவில்லை. அதைச் சொல்ல வைக்கவே வந்தது.

சின்னம்மா: எங்கள் கிணற்றடிப் பாலை மரத்திலும் ஏதோ இருக்கிறது என்று உங்கள் அம்மா சொல்லுவார்.

அண்ணா: 2009இல் சனத்தோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தது பற்றி அவளுக்கு யார் சொன்னது?

பெரியக்கா: ஒருவரும் சொல்லவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாலத்தில் தாய் கண்ணை மூடிக்கொள்வதை அவள் சிறு வயதிலிருந்து பார்க்கிறாள். நாம் சொல்லாமல் விட்டதைப் பிள்ளை தானாகக் கட்டிக்கொள்கிறாள், அது நடந்ததைவிடப் பயங்கரமாகவும் இருக்கலாம். 2006இல் புறப்பட்ட உங்களுக்கு அது செய்தியில் பார்த்த பாலம், அண்ணா. கோபிக்காதீர்கள்.

தங்கச்சி: (இந்தச் செய்தி அழிக்கப்பட்டது)

தங்கச்சி: பூட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தை நானும் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். அவள் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் "அம்மாவும்?" என்று எழுதியிருக்கிறாள். தம்பியின் கை ஈரமாக இருந்தது. சனம் தள்ளியது என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். சனம் தள்ளியதும் உண்மை. என் விரல்கள் களைத்திருந்ததும் உண்மை.

மச்சாள்: அழாதீர்கள்.

பெரியக்கா: நாளை நான் முன் இருக்கையில் இருக்கிறேன். நீயும் அவளும் பின்னால் ஒன்றாக இருங்கள்.

அண்ணா: தம்பிக்கு விளக்கு ஏற்றுவீர்களா?

சின்னம்மா: காணாமற்போனவனுக்கு ஏற்றக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

பெரியக்கா: அதை அங்கே போய்ப் பேசுவோம்.

தங்கச்சி: அலுமாரித் திறப்பை மேசையில் வைத்திருக்கிறேன். வான் எத்தனை மணிக்கு?

சின்னம்மா: ஐந்தரைக்கு. கஞ்சிக்குச் சிரட்டை கொண்டு வா, அவளுக்கும் ஒன்று.