ஆசியப் போட்டியில் நம்ம கபடி டீம்: நேரில் பார்த்தவங்க, டிவி முன்னாடி கத்தினவங்க எல்லாம் வாங்க

தெக்கத்திக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். 2018 ஆகஸ்ட்ல வேலை விஷயமா ஜகார்த்தாவில இருந்தேன். கபடி நடந்தது தமன் மினி வளாகத்துக்குள்ள இருக்கிற கருடா தியேட்டர்ல. அரையிறுதி, இந்தியாவும் ஈரானும். 1990 பெய்ஜிங்ல கபடியைச் சேர்த்ததிலிருந்து ஆண்கள் தங்கம் ஏழு தடவையும் நமக்குத்தான். "ஃபைனலுக்குப் போய்க்கலாம், இதுக்கு எதுக்கு லீவு?"ன்னார் கூட வேலை பார்க்கிறவர். லீக் சுற்றுல கொரியாகிட்ட 23-24னு தோத்திருந்தோம், அதைக்கூட யாரும் பெருசா எடுத்துக்கல.

எங்களுக்கு முன் வரிசையில ஒரு அப்பாவும் பையனும். பையன் கன்னத்துல மூவர்ணம். ஈரான் பிடிகாரர் ஃபாசெல் அத்ராசலி, பாடிப் போன நம்ம ரைடரைப் பிடிச்சுக் கவுத்தப்ப, அந்தப் பையன் பழக்கதோஷத்துல எந்திரிச்சுக் கைதட்டிட்டான். நம்ம ஊர் ப்ரோ கபடி லீக்ல ஃபாசெல் ஆடின யூ மும்பா டீமுக்குத்தான் அவன் கட்சியாம். அப்பா முறைச்ச முறைப்புல அப்படியே உட்கார்ந்தான். கடைசியில 18-27. வெளிய வந்து பஸ் ஏறுற வரைக்கும் நானும் கூட வேலை பார்க்கிறவரும் பேசிக்கல.

கார்னர்காரி:
மறுநாள் பெண்கள் ஃபைனலையும் ஈரான்கிட்டயே விட்டோமே, அதை மறந்துட்டீங்களே அண்ணா! 24-27. அப்ப நான் காலேஜ் டீம்ல லெஃப்ட் கார்னர், இடது ஓரத்துல நின்னு ரைடரைப் பிடிக்கிறவ. ஹாஸ்டல் சாப்பாட்டு ஹால் டிவி முன்னாடி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். தலையை மூடிக் கட்டிக்கிட்டு ஈரான் பொண்ணுங்க கணுக்கால் பிடி போடுறதைப் பார்த்துட்டு, "நம்ம சார் சொல்லிக்கொடுத்த மாதிரியே விழுறாளுகடி"ன்னா எங்க கேப்டன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க கோச் ஷைலஜா ஜெயின், நம்ம நாசிக்காரங்க. எங்களுக்குக் கோபப்படுறதா பெருமைப்படுறதான்னே தெரியல. ரசம் ஆறிப்போச்சு, அதான் மிச்சம்.

மானாவாரி:
நான் கொஞ்சம் பழைய ஆள். தூத்துக்குடிப் பக்கம். 1994 ஹிரோஷிமா. தங்கம் வாங்கின டீம்ல மணத்தி கணேசன் இருந்தார். எங்க பக்கத்து ஆள் ஜப்பானுக்குப் போய் ஜெயிச்சிட்டார்னு பேப்பர்ல போட்டிருந்ததை டீக்கடையில ஒருத்தர் சத்தமா வாசிக்க, மத்தவங்க நின்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் அவருக்கு அர்ஜுனா விருது. "சடுகுடுன்னு போனா காலை ஒடிச்சிருவேன்"னு சொல்லிக்கிட்டிருந்த எங்கப்பா, அந்தப் பொங்கல் மேட்சுக்கு டீம் பனியன் எடுக்க நூறு ரூபாய் கொடுத்தார். நாங்க முதல் ரவுண்டுலயே வெளிய. பனியன் மட்டும் ரொம்ப நாள் இருந்துச்சு.

பழைய விசில்:
2023 ஹாங்சோ ஆண்கள் ஃபைனல், நம்மளும் ஈரானும், அதைப் பத்தி யாரும் பேசலியே? 28-28, இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி. நம்ம ரைடர் பவன் செஹ்ராவத்துக்கு டூ ஆர் டை ரைடு, அதாவது பாயிண்ட் எடுக்கலேன்னா அவர் அவுட். யாரையும் தொடாம லாபிக்குள்ள, அதான் பிடிகாரரைத் தொட்ட பிறகு மட்டும் போகலாம்ங்கிற ஓரப் பட்டைக்குள்ள, கால் வெச்சிட்டார். தொட்டுட்டார்னு நினைச்சு ஈரான் ஆட்களும் பின்னாலயே லாபிக்குள்ள பாய்ஞ்சாங்க. பழைய விதிப்படி, தொடாம லாபிக்குள்ள போனா ரைடரும் அவுட், பின்னால போன பிடிகாரங்களும் அவுட். புது விதியில ரைடர் மட்டும்தான். எந்த விதின்னு முடிவு பண்ண முடியாம தீர்ப்பு மாறி மாறி வந்துச்சு. ஒரு தடவை அவங்க மேட்ல உட்கார்ந்தாங்க, இன்னொரு தடவை நம்ம ஆட்கள் உட்கார்ந்தாங்க. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்னுபோய், கடைசியில பழைய விதிப்படி நமக்குப் பாயிண்ட் கொடுத்தாங்க, 33-29, தங்கம் நமக்கு. எங்க வீட்டம்மா ரெண்டு தடவை வந்து பார்த்துட்டு, "இன்னும் உட்கார்ந்துதான் இருக்காங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

கார்னர்காரி:
அன்னைக்கே காலையில பொண்ணுங்க சீனத் தைபேயை 26-25ல ஜெயிச்சது அந்த ஆசியப் போட்டியில இந்தியாவோட 100-வது பதக்கம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க சார்.

தெக்கத்திக்காரன்:
விசில் சார், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. அந்தப் பாயிண்ட் நியாயம்தானா?

பழைய விசில்:
எந்த விதியில ஆடுறோம்னு முதல்லயே ரெண்டு டீமுக்கும் தெளிவாச் சொல்லியிருக்கணும் தம்பி, பழைய விதின்னா நியாயம்தான். ஈரான் பசங்க உட்கார்ந்ததையும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன். இதே லாபி விஷயத்துல ஒரு ஊர்த் திருவிழா மேட்ச்ல நான் தீர்ப்பு சொன்னேன். கப்பு கொடுக்கிற வரைக்கும் நிக்கல. பந்தலுக்குப் பின்னாடி பைக்கைத் தள்ளிக்கிட்டே போய், மெயின் ரோட்டுலதான் ஸ்டார்ட் பண்ணினேன்.