மறுமொழி: ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் – ‘உந்துபேறு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஓர் ஏவூர்திப் பொறி, தான் செலவிடும் உந்துபொருளுக்கு எவ்வளவு உந்துதலைத் தருகிறது என்று காட்டும் அளவே ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ். அதைத் தமிழில் ‘உந்துபேறு’ எனலாம் என்ற என் முன்மொழிவுக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே மறுமொழி தருகிறேன்.

> ‘குறிப்பிட்ட கணத்தாக்கு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பாடநூலில் உள்ள சொற்கள்தானே?

‘குறிப்பிட்ட’ சரிவராது. ஸ்பெசிஃபிக் இங்கே ‘ஓரலகுப் பொருளுக்கு இவ்வளவு’ என்ற பொருளில் வருகிறது. தன்வெப்பம் (ஸ்பெசிஃபிக் ஹீட்) என்ற சொல் அதற்கு முன்பே வழி காட்டிவிட்டது. அவ்வழியில் ‘தன் கணத்தாக்கு’ என்றுதான் நானும் எழுதிவந்தேன். ஆனால் இம்பல்ஸைக் குறிக்கும் ‘கணத்தாக்கு’ என்ற சொல்லில் ‘கணம்’ இடிக்கிறது. மட்டை பந்தில் படும் அந்த நொடிப்பொழுதுக்கு அழகான சொல் அது. விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) ஆர்.எஸ்-25 பொறிகளோ ஒவ்வொரு ஏவலிலும் எட்டு நிமிடத்துக்கு மேல் எரிந்தன. 1998இல் கிளம்பிய நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் அயனிப் பொறி (மின்னேற்றம் பெற்ற அணுக்களை வீசி உந்துவது) மொத்தம் 16,000 மணிநேரத்துக்கு மேல் இயங்கியது. இதில் கணம் எங்கே இருக்கிறது?

> அப்படியானால் ‘உந்துதிறன்’?

இதை உறுதியாக மறுக்கிறேன். திறன் என்றதும் வலிமை நினைவுக்கு வரும். ஆர்.எஸ்-25 வெற்றிடத்தில் தரும் உந்துவிசை 20 லட்சம் நியூட்டனுக்கு மேல். ஸ்பெசிஃபிக் இம்பல்ஸில் அதன் மதிப்பு 452 நொடி. அந்த அயனிப் பொறியின் உச்ச உந்துவிசை வெறும் 0.09 நியூட்டன், உள்ளங்கையில் வைத்த இரண்டு தாள்களின் எடை. மதிப்போ சுமார் 3,100 நொடி. ‘திறன் மிக்கது’ என்று எழுதினால் படிப்பவர் அயனிப் பொறியைத் தரையிலிருந்து ஏவூர்தியைத் தூக்கவல்லது என்றே நினைப்பார்.

நாம் அளப்பது விளைச்சலைத்தான். ஒரு கிலோ உந்துபொருளைக் கொண்டு, ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசையை எத்தனை நொடி பெறலாம்? அலகு நொடியாக இருப்பதன் காரணமும் இதுவே. இட்டதற்குப் பெற்றது, ஆகவே பேறு. கெடு கேடு ஆவதுபோல் பெறு பேறு ஆகிறது. ‘உந்து’ வருவதால் உந்தத்தோடும் (மொமென்டம்) உறவு விட்டுப்போகாது. உந்த மாற்றம்தானே இம்பல்ஸ்!

> பேறு என்றால் மகப்பேறுதான் நினைவுக்கு வருகிறது.

வீடுபேறும் நற்பேறும் அதே பேறுதான். முன்னால் நிற்கும் சொல் பொருளைக் காட்டிவிடும்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: “ஆர்.எஸ்-25இன் வெற்றிட உந்துபேறு 452 நொடி, கடல்மட்ட உந்துபேறு 366 நொடி.” நாக்கில் தடங்கல் இல்லை.

ஒரு குறை உண்டு. ‘தன்’ போனதால் எடைக்கா, பருமனுக்கா (கன அளவுக்கா) என்பது சொல்லில் தெரியவில்லை. திரவ ஹைட்ரஜனுக்கு இது முக்கியம்: எடைக்குத் தாராளமாகத் தரும், ஆனால் ஒரு கன மீட்டரே சுமார் 71 கிலோதான், தொட்டி பெருத்துவிடும். வெறும் உந்துபேறு என்றால் எடைவழி எனக் கொண்டு, மற்றதைப் ‘பருமவழி உந்துபேறு’ எனலாம் என்பது என் எண்ணம். ‘பருமவழி’க்கு இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.