தருமன் சூதாடியா, இல்லை சூதில் மாட்டிக்கொண்டவனா?

தான்றிக்காய்:
கதைகளில் வரும் சூதாட்ட அடிமைகள் யார் யார் என்று கேட்டால் எல்லோரும் ‘சூதாடி’ நாவல் எழுதிய ரஷ்யாவின் தாஸ்தாயெவ்ஸ்கியிடம் ஓடுகிறார்கள். நம்ம தருமனை யாரும் சேர்ப்பதில்லை. பெயரிலேயே தர்மம் இருப்பதால் தப்பித்துவிடுகிறான் போல. வியாச பாரதத்தில் சகுனி சொல்வதைப் பாருங்கள்: குந்தி மகனுக்குச் சூது என்றால் ஆசை, ஆனால் ஆடத் தெரியாது. சபையில் முத்துமாலையில் ஆரம்பிக்கிறான். பொன், தேர், யானை, குதிரை, நாடு, தம்பிகள், அப்புறம் தான், கடைசியில் திரௌபதி. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, அவசரப்படாதீர்கள். சூதுக்கு அழைத்தால் மறுப்பதில்லை என்பது தருமன் எடுத்துக்கொண்ட விரதம். அழைத்தது பெரியப்பா திருதராட்டிரன், சேதி கொண்டுவந்தது விதுரர். அந்த விதுரரிடமே, “சூது கலகத்தில் போய் முடியும்” என்று தருமன் சொல்கிறான். வெறி பிடித்தவன் இப்படிப் பேசுவானா? இந்திரப்பிரஸ்தத்தில் அவன் வேலையை விட்டுவிட்டு விடிய விடியக் காய் உருட்டினான் என்று எங்காவது படித்திருக்கிறீர்களா? எதிரே உட்கார்ந்தவன் எத்தன். ஏமாந்தவனை அடிமை என்று சொல்லாதீர்கள்.

தான்றிக்காய்:
கெட்டது என்று தெரிந்தே கை நீட்டுவதுதானே ஐயா பித்து? எங்கள் தெருவில் லாட்டரிச் சீட்டு வாங்கி வீட்டைத் தொலைத்தவர் யாரும் அது நல்லது என்று நம்பி வாங்கவில்லை. சரி, உட்கார்ந்ததற்கு அழைப்பு காரணம் என்றே வைத்துக்கொள்வோம். முதல் சூது முடிந்து, திரௌபதி கேட்ட வரத்தால் எல்லோருக்கும் விடுதலை. நாட்டையும் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஊர் போய்ச் சேர்வதற்குள் மறுபடி ஆள் வருகிறது. திரும்பிப் போகிறான்! தோற்றால் 12 வருஷம் காடு, ஒரு வருஷம் தலைமறைவு. அதையும் தோற்கிறான். காட்டில் பீமன் பொரிந்து தள்ளும்போது அவனே ஒப்புக்கொள்கிறான், துரியோதனனிடமிருந்து நாட்டைப் பறிக்கும் ஆசையில்தான் காயைத் தொட்டேன் என்று. விரதத்துக்காக ஆடியவன் பேச்சா இது?

கூத்துப்பிரியை:
சின்ன வயதில் பாட்டி மடியில் உட்கார்ந்து பகடை துகில் கூத்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயில் திருவிழா. சகுனி வேஷக்காரர் காயை உள்ளங்கையில் வைத்து ஊதிவிட்டு உருட்டுவார். நாடு போனபோது கூட்டம் சும்மா இருந்தது. தம்பியை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு கிழவி, “போதும், எழுந்து வாடா!” என்று கத்தினாள். தருமன் வேஷக்காரர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். விரதம், ராஜநீதி எல்லாம் அந்தக் கிழவிக்குத் தெரியாது. சாராயக்கடை வாசலில் நின்று மகனைக் கூப்பிடுகிற குரல் அது.

கடைசிபெஞ்ச்:
வாத்தியார் ஐயா, நீங்கள் பாடம் நடத்திய குறளே உங்களுக்கு எதிராக இருக்கிறதே. “இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்.” இழக்க இழக்கத்தான் ஆசை கூடுகிறது என்கிறார் வள்ளுவர். ஆனால் என் ஓட்டு நளனுக்கு. அவனும் நாடு, நகை எல்லாம் தோற்றான். மனைவி தமயந்தியை வை என்று எதிரே ஆடிய புட்கரன் சொன்னதும் மறுத்துவிட்டு உடுத்திய துணியோடு வெளியேறினான். கலி பிடித்தவனுக்கே அந்தக் கோடு தெரிந்தது. தருமனுக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நளனைக் கொண்டுவந்து நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். அயோத்தி ராஜா இருதுபன்னனிடம் காய் எண்ணும் வித்தையைக் கற்று, கலி நீங்கி, ஊர் திரும்பி மறுபடி புட்கரனை ஆட அழைக்கிறானே, அப்போது என்ன பணயம் வைத்தான்? வியாசர் கதையில் புதிதாகச் சேர்த்த செல்வத்தோடு தமயந்தியையும் சேர்த்துத்தான் வைக்கிறான். ஜெயித்ததால் யாரும் கேட்கவில்லை.

கடைசிபெஞ்ச்:
அடடா. இது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் நளன் கதைதான் இன்னும் ஆபத்து. வித்தையைக் கற்றுக்கொண்டு போனால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்றுதானே மொபைலில் ரம்மி ஆடுகிறவன் ஒவ்வொருவனும் நினைக்கிறான்? 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னபோது என் அறைத்தோழன் இனிப்பு வாங்கிவந்தான். அவன் சம்பளத்தில் பாதி அப்போதே அதில் போய்க்கொண்டிருந்தது.

தான்றிக்காய்:
நளனை விடுங்கள். இன்னொன்று கேட்கிறேன். விராட நகரத்தில் ஒளிந்திருந்த வருஷம் பீமன் சமையல்காரன், அர்ச்சுனன் நாட்டிய வாத்தியார், நகுலன் குதிரை, சகாதேவன் மாடு. அவரவருக்குக் கைவந்ததை எடுத்துக்கொண்டார்கள். தருமன்? கங்கன் என்ற பெயரில் ராஜாவோடு சூதாடும் வேலை! எல்லாவற்றையும் அழித்த அதே காய். கடைசியில் விராடன் கோபத்தில் அந்தக் காயாலேயே மூஞ்சியில் அடிக்கிறான், மூக்கிலிருந்து ரத்தம். ஓடிவந்து பாத்திரத்தில் ஏந்தியவள் திரௌபதி.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
காட்டில் பிருகதசுவ முனிவரிடம் சூதின் நுட்பத்தைக் கற்ற பிறகுதான் அந்த வேலைக்குப் போனான். பழைய ஏமாளியாகப் போகவில்லை.

தான்றிக்காய்:
கற்றுக்கொண்டானே ஐயா, அதைத்தான் நானும் சொல்கிறேன்! தோற்றவன் விட்டுத் தொலைக்காமல் கோச்சிங் போயிருக்கிறான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சிரித்துவிட்டேன். ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வில்லிபாரதத்தில் கங்கன் வரும் இடத்தை மறுபடி படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன். கண்ணாடி வேறு பேரன் கையில் இருக்கிறது.