போர்க்கால லண்டன்ல துப்பறியுற பொண்ணு, கொஞ்சம் ஹெல்ப் வேணும்

வணக்கம் நண்பர்களே, ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், 1941 லண்டன், அப்பா ஆரம்பிச்ச டிடெக்டிவ் ஏஜென்சியை அண்ணன் பட்டாளத்துக்குப் போனதும் தங்கச்சி எடுத்து நடத்துறா. விவாகரத்து கேஸ் நிறைய வரும், அது ஓகே. ஆனா 1939 செப்டம்பர்ல இருந்தே இருட்டடிப்பு, தெருவிளக்கு கிடையாது, ஜன்னல்ல கூட வெளிச்சம் தெரியக்கூடாது, பெட்ரோலும் ரேஷன், இதுல ஒருத்தனை ராத்திரி எப்படிப் பின்னாடியே போய் கண்காணிப்பா? மூணு வாரமா இந்த ஒரு சீன்லயே நிக்கிறேன். இன்னொன்னு, 1941 டிசம்பர் சட்டப்படி 20 முதல் 30 வயசு கல்யாணமாகாத பொண்ணுங்களையும் கட்டாய சேவைக்குக் கூப்பிட்டாங்க, இவளுக்கு 27, அப்போ ஏஜென்சியை மூடிருவாளா? அந்தக் காலத்து டைரி, கடிதம்னு படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், இவளை நம்புற மாதிரி எழுதணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.