மாஸ்டர் பிளான்ல எல்லாம் சரியா இருக்கு, தரைக்கு வரும்போது ஏன் கரைஞ்சு போகுது?

நகர்நிழல்:

வணக்கம். நகரமைப்பு முதுகலை கடைசி வருஷம் படிக்கிறேன், தீசிஸ் நீடித்த நகர வளர்ச்சி பத்தி. ஆறு மாசமா படிச்சு படிச்சு இப்ப ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேன். 1987ல நீடித்த வளர்ச்சி பத்தி ஐநாவோட பிரண்ட்லாண்ட் கமிஷன் அறிக்கை வந்ததுல இருந்தே என்ன பண்ணணும்னு உலகத்துக்குத் தெரியும். நெருக்கமா கட்டு, பஸ்ஸும் ரயிலும் விடு, மரம் வை, மழைத்தண்ணிய தரையில இறக்கு, ஆத்துக்கு இடம் விடு. எந்த ஊர் மாஸ்டர் பிளான எடுத்தாலும் முதல் பத்து பக்கத்துல இதெல்லாம் அழகா இருக்கு. 2018ல ஐநா போட்ட கணக்குப்படி உலக ஜனத்தொகையில 55 சதவீதம் நகரத்துல இருக்கு, 2050ல 68 சதவீதம் ஆகும்ங்கறாங்க, அப்ப இனிமே கட்டப்போறதையாவது ஒழுங்கா கட்டலாம்ல? ஏன் நடக்க மாட்டேங்குது?

போன வாரம் ரிவ்யூல கைடு கேட்டாங்க, "அரசியல் உறுதி இல்லைனு ஒரு வரியில முடிச்சிருக்கியே, அது காரணமா, இல்ல காரணம் தேட சோம்பலா"னு. என்னால பதில் சொல்ல முடியல. ஃபீல்டுல இருக்கறவங்க சொல்லுங்க, நிஜமா எங்க மாட்டுது?

வரைபலகை:

உங்க கைடு சரியான இடத்துல கை வச்சிருக்காங்கம்மா. நான் முப்பது வருஷம் பிளானிங் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், எனக்குத் தெரிஞ்சு மாட்டற இடம் ஒண்ணுதான், செலவு ஒருத்தர் தலையில விழுது, பலன் இன்னொருத்தருக்குப் போகுது, அதுவும் பத்து இருபது வருஷம் கழிச்சு.

ஒரு ரோட்டோர மரத்தை எடுத்துக்கோங்க. கன்னு நடறது பூங்கா பிரிவு, அவங்க பட்ஜெட்ல கன்னுக்குக் காசு இருக்கும், ரெண்டு கோடை தண்ணி ஊத்தறதுக்கு இருக்காது. நடைபாதை போடறது ரோடு பிரிவு, கான்ட்ராக்டருக்கு சதுர மீட்டர் கணக்குல பில், அதனால பேவர் பிளாக்கை மரத்தோட அடி வரைக்கும் கொண்டு வந்து ஒட்டிருவாங்க. வடிகால் தோண்டறவங்க ஒரு பக்க வேரை வெட்டிருவாங்க, மின்சாரக் கம்பிக்காரங்க மேல ஒரு பக்கத்தைக் கழிச்சுருவாங்க. நான் ஒரு தடவை டேப்பு எடுத்துட்டுப் போய் ஒரு தெரு முழுக்க அளந்தேன், முக்கால்வாசி மரத்துக்கு அடியில திறந்த மண்ணு ஒரு சாண் கூட இல்ல, சில இடத்துல சிமெண்டு பட்டையிலயே ஏறியிருந்துச்சு. அடுத்த காத்து மழையில ரெண்டு மரம் சாஞ்சது. விழுந்த மரத்தைப் பாத்தா வேரு தட்டு மாதிரி ஒரு அடி ஆழம்தான், கீழ போக வழியே இல்ல பாவம். இதுல யார் மேல தப்பு சொல்லுவீங்க? நாலு பேரும் அவங்கவங்க வேலைய எஸ்டிமேட்ல இருந்தபடி முடிச்சுட்டாங்க. மரம் முப்பது வருஷம் நிக்கணும்ங்கறது அந்த நாலு எஸ்டிமேட்லயும் இல்ல.

குரிடிபாவ எல்லா பாடத்துலயும் சொல்லுவாங்க, பிரேசில்ல, 1974ல தனிப்பாதை பஸ் ஆரம்பிச்ச ஊர். பஸ்ஸ மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க. அங்க நிஜமா நடந்தது என்னன்னா பஸ் போற நீளப் பாதையை ஒட்டியே உயரமா நெருக்கமா கட்ட விட்டாங்க, தள்ளிப் போகப்போக உயரத்தைக் குறைச்சாங்க, அதாவது நில உபயோகத்தையும் போக்குவரத்தையும் ஒரே கையில வச்சிருந்தாங்க. அதுக்குன்னு திட்டமிடற அமைப்பு ஒண்ண 1965லயே உண்டாக்கிட்டாங்க, மேயரா மூணு தடவை இருந்த ஜைமி லெர்னரே அந்த அமைப்புல வேலை பாத்த ஆர்க்கிடெக்ட்தான். அப்படிப்பட்ட ஊரே பின்னாடி பிரேசில்ல கார் அதிகமா வச்சிருக்கற ஊர்கள்ல ஒண்ணா ஆயிடுச்சு, அதையும் மறைக்காம எழுதுங்க.

காலி நிலமும் பணமும் இருந்தா சரியாயிடும்னு யாராவது சொன்னா மஸ்தாரைக் காட்டுங்க. அபுதாபி பக்கத்துல பாலைவனத்துல 2006ல ஆரம்பிச்சாங்க, பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் நார்மன் ஃபாஸ்டரோட கம்பெனி போட்ட டிசைன், 50,000 பேர் குடியிருக்கற ஊரு, 2016ல முடியும்னாங்க. முடியல, தேதி தள்ளிட்டே போச்சு. ஊர் முழுக்க ஓடும்னு சொன்ன டிரைவர் இல்லாத குட்டி வண்டிங்க ஒரு சின்ன சோதனைப் பாதையோட நின்னுடுச்சு.

மடைதிறப்பு:

மேல ஐயா சொன்ன எஸ்டிமேட் விஷயத்தை அப்படியே வடிகாலுக்கு மாத்திக்கோங்க. நான் மழைநீர் வடிகால் டிசைன் பண்றவன்.

ஒரு கணக்கு சொல்றேன், உங்க தீசிஸ்ல போடலாம். ஒரு ஹெக்டேர் நிலத்துல 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 5 லட்சம் லிட்டர் தண்ணி. அது புல்லும் மண்ணுமா இருந்தப்ப ஏறக்குறைய 20 சதவீதம் வழிஞ்சு ஓடும்னு வச்சா 1 லட்சம் லிட்டர். அதே இடத்தை கான்கிரீட்டும் தாருமா மூடினா 90 சதவீதம், அதாவது நாலரை லட்சம் லிட்டர். மழை கூடல, நாமதான் தண்ணிய நாலரை மடங்கு ஆக்கி கீழ இருக்கறவன் வீட்டுக்குத் தள்ளி விடறோம். கட்டினவனுக்கு லாபம், முழங்கால் தண்ணில நிக்கிறவன் வேற தெரு.

சரி தண்ணி இறங்கற மாதிரி பேவர் போடலாமேன்னு வந்தாங்க, நானும் ரொம்ப ஆசையா ஒரு வண்டி நிறுத்தற இடத்துக்கு டிசைன் பண்ணிக் கொடுத்தேன். போட்ட புதுசுல ஒரு வாளி தண்ணிய ஊத்தினா கண் மூடி திறக்கறதுக்குள்ள காணாம போயிடும், பாக்கவே அவ்ளோ சந்தோஷம். ரெண்டு வருஷம் கழிச்சுப் போய் அதே இடத்துல வளையம் வச்சு தண்ணி ஊத்தினேன், குளம் மாதிரி நிக்குது. இடுக்கு பூரா மண்ணும் டயர் தூசும் அடைச்சுக்கிச்சு. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உறிஞ்சி எடுக்கற மெஷின் வச்சு சுத்தம் பண்ணணும்னு நான் ரிப்போர்ட்ல எழுதியிருந்தேன், ஆனா டெண்டர்ல கட்டறது மட்டும்தான் இருந்துச்சு, பராமரிப்புக்கு ஒரு லைன் கூட கிடையாது. எனக்கு அன்னிக்கு வந்த வருத்தம் இன்னும் போகல.

இன்னொண்ணு, இயற்கை முறைன்னா எல்லா மழையையும் தாங்கும்னு ஜனங்ககிட்ட சொல்லிடக் கூடாது. சீனாவுல 2015ல பஞ்சு நகரம்னு, மழைத்தண்ணிய ஊரே பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கற திட்டத்துக்கு முதல் கட்டமா 16 ஊர் எடுத்தாங்க, நல்ல திட்டம்தான். செங்சோவும் பின்னாடி அந்த வேலையில நிறைய செலவு பண்ண ஊர், 2021 ஜூலை 20ல அங்க ஒரே மணி நேரத்துல 201.9 மில்லிமீட்டர் கொட்டுச்சு, எந்தப் பஞ்சும் அதை உறிஞ்சாது. கோபன்ஹேகன்ல 2011 ஜூலை 2ல ரெண்டு மணி நேரத்துல 150 மில்லிமீட்டர் கிட்ட பெஞ்சு ஊரே முழுகினப்புறம் 2012ல தனியா ஒரு பெருமழைத் திட்டம் போட்டாங்க, அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா தண்ணி வரவே வராதுன்னு சொல்லல, வந்தா எந்தத் தெரு வழியா ஓடலாம், எந்தப் பார்க்ல கொஞ்ச நேரம் நிக்கலாம்னு முன்னாடியே இடம் ஒதுக்கினாங்க. அந்த நேர்மை நம்ம டிராயிங்லயும் வரணும்.

தடம்மாறி:

போக்குவரத்து பத்தி நான் கொஞ்சம். ரோட்டை அகலப்படுத்தினா நெரிசல் குறையும், வண்டி நின்னு நின்னு புகை விடாது, அதுவும் பசுமைதான்னு ஒரு வாதம் எல்லா மீட்டிங்லயும் வரும். அமெரிக்காவுல ஹூஸ்டன்ல கேட்டி ஃப்ரீவேனு ஒரு நெடுஞ்சாலை, 2008ல அகலப்படுத்தி முடிச்சாங்க, பக்கவாட்டு ரோடும் சேர்த்து சில இடத்துல 26 லேன். சில வருஷத்துலயே காலையும் சாயங்காலமும் பயண நேரம் திரும்ப ஏறிடுச்சு. ரோடு லேசா இருக்குன்னு தெரிஞ்சதும் ஜனம் தூரமா வீடு வாங்குது, பஸ்ல போனவன் காருக்கு மாறுறான், அவ்ளோதான்.

ஸ்டாக்ஹோம் கதைதான் எனக்கு நம்பிக்கை கொடுக்கறது. ஊருக்குள்ள வர்ற காருக்கு கட்டணம்னு சொன்னப்ப பெரும்பாலானவங்க எதிர்த்தாங்க. 2006ல ஏழு மாசம் சோதனையா வச்சாங்க, கட்டண எல்லையைத் தாண்டற வண்டி ஐஞ்சுல ஒண்ணு கிட்ட குறைஞ்சது, அப்புறம் ஓட்டெடுப்பு வச்சா ஊர்க்காரங்க சரின்னாங்க, 2007ல நிரந்தரம் ஆச்சு. வாயால சொல்லி நம்ப வைக்க முடியாததை ஏழு மாசம் வாழ்ந்து பாத்து ஒத்துக்கிட்டாங்க. எதிர்ப்பு வந்ததும் ஃபைலை மூடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுப் பாக்கணும்.

பார்க்கிங் விதியையும் பாருங்க. ஒரு கார் நிக்க 12 சதுர மீட்டர் போதும், உள்ள வர திருப்ப இடம் சேர்த்தா 25ல இருந்து 30 ஆகும், சின்ன ஃபேமிலி இருக்கற ஒரு ரூம் சைஸுக்கு மேல. அதை ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டாயம்னு விதியில வச்சுட்டு, வீட்டு விலை ஏன் ஏறுது, பஸ்ல ஏன் ஆள் இல்லைனு கேக்கறோம். அமெரிக்காவுல பஃபலோ ஊர்ல 2017ல அந்தக் கட்டாயத்தையே எடுத்துட்டாங்க.

கரையோரம்:

நான் பிளானர் இல்ல, என்ஜினியர் இல்ல. ஆத்தோரத்துல பொறந்து வளந்தவ. ஆத்தை மீட்கறோம்னு சொல்லி எங்க தெருவையே எடுத்தாங்க, ஊருக்கு வெளிய ரொம்ப தூரத்துல அடுக்குமாடியில வீடு கொடுத்தாங்க. வீடு கொடுத்தது உண்மை, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அம்மா வீட்டு வேலை பாத்த இடத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் நடப்பாங்க, அப்புறம் ரெண்டு பஸ் மாறி ஒண்ணரை மணி நேரம். நாலு மாசத்துல வேலை போச்சு. தம்பி லோன் போட்டு பைக் வாங்கினான், எங்க வீட்டுக்கு வந்த முதல் வண்டி அதுதான். நடந்து போய் வந்துட்டு இருந்த குடும்பத்தை பெட்ரோல் போட வச்சுட்டு அதுக்கு சுற்றுச்சூழல் திட்டம்னு பேரு வச்சிருக்காங்க. இப்ப எங்க வீடு இருந்த இடத்துல ஒரு பெஞ்சு, பக்கத்துல எந்த மரம் என்ன பறவைன்னு ஒரு போர்டு. ஆறு சுத்தமாதான் இருக்கு, பாக்க நல்லாதான் இருக்கு. அங்க உக்காந்தா எனக்கு அழுகை வருது.

நீங்க எல்லாரும் செலவு ஒருத்தர், பலன் ஒருத்தர்னு பேசறீங்க. அந்த செலவு எங்களோடது, எந்த எஸ்டிமேட்லயும் அது வரல.

வரைபலகை:

கரையோரம், நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சேன்மா. என் காலத்துல நானும் அந்த மாதிரி லேஅவுட்ல கையெழுத்து போட்டிருக்கேன். வீட்டு எண்ணிக்கையை சரி பாத்தேன், பஸ்ஸ பாக்கல. அது என் தப்புதான்.

நகர்நிழல், சியோல்ல சொங்கியசொன் ஓடையை படிச்சிருப்பீங்க, மேம்பாலத்தை இடிச்சு 2005ல 5.8 கிலோமீட்டருக்கு ஓடையை திறந்தாங்கனு. மேம்பாலத்தை எடுத்தது பெரிய காரியம், எனக்கு இன்னிக்கும் மதிப்பு உண்டு. ஆனா அதுல ஓடற தண்ணி பெரும்பகுதி ஹான் ஆத்துல இருந்து மோட்டார் வச்சு இறைக்கறது, அந்தக் கரண்டு கணக்கையும் சேர்க்கணும். அங்க கடை போட்டிருந்த தெரு வியாபாரிகளை டோங்டேமுன் ஸ்டேடியத்துக்கு அனுப்பினாங்க, சில வருஷத்துல அந்த ஸ்டேடியத்தையும் இடிச்சு டிசைன் பிளாசா கட்டினாங்க, அவங்க மறுபடியும் மூட்டை கட்டினாங்க. பாடத்துல முதல் போட்டோ மட்டும்தான் வருது.

நகர்நிழல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடைசி சேப்டரை முழுசா மாத்தப்போறேன். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்துல கட்டற செலவு யாரோடது, பத்தாவது வருஷம் பராமரிக்கறது யாரு, பலன் யாருக்கு, இதனால இடம் மாறப்போறது யாருன்னு எழுதி, பதில் கிடைக்காத பரிந்துரையை தூக்கிடலாம்னு இருக்கேன். கரையோரம் அக்கா, மாத்தி அனுப்பின குடியிருப்பு ஒண்ணுல போய் சர்வே எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். என்ன கேக்கணும்னு நீங்க சொல்லுவீங்களா?

கரையோரம்:

வாங்க. வீடு பிடிச்சிருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் வந்து அதைத்தான் கேட்டுட்டுப் போறாங்க. காலையில முதல் பஸ் எத்தனை மணி, ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணின்னு கேளுங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி யாரு சம்பாதிச்சாங்க, இப்ப யாரு சம்பாதிக்கிறாங்கன்னு கேளுங்க. சாயங்காலம் வாங்க, பகல்ல பாதி வீட்ல ஆள் இருக்க மாட்டாங்க.