14 வருடமாக நிரம்பாத செப்டிக் டேங்க்: கசடு எடுக்க வேண்டுமா?

கதிரவன்:
மதுரைப் புறநகரில் வீடு. ஐந்து பேர் இருக்கிறோம். கட்டி 14 வருடம் ஆகிறது, செப்டிக் டேங்க் ஒருமுறைகூட நிரம்பியதில்லை, கசடும் எடுத்ததில்லை. எதிர்வீட்டில் போன வாரம் லாரி வைத்து எடுத்தார்கள். நாங்களும் எடுக்கணுமா, நிரம்பும் வரை விடலாமா?

பெருமாள் (கட்டட வேலை):
விடுங்கள் தம்பி. நிரம்பாத டேங்கைத் திறப்பது வீண்செலவு. நான் சிமெண்ட் உறை இறக்கித்தான் கட்டிக் கொடுக்கிறேன். அடியில் காங்கிரீட் கிடையாது, ஜல்லி மட்டும். தண்ணீரை மண் குடித்துவிடும். வருடக்கணக்கில் யாரும் குறை சொன்னதில்லை.

மீனா (சிவில்):
அண்ணா, நீங்கள் சொல்வது கழிவுக் குழி, செப்டிக் டேங்க் இல்லை. ஒழுங்கான டேங்க் புழக்கத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வெளிக்குழாய் மட்டம் வரை நிரம்பிவிடும். அப்புறம் எப்போதும் அப்படியேதான் இருக்கும். உள்ளே வரும் அளவுக்குத் தண்ணீர் வெளியேறும். கனமானது அடியில் கசடாகத் தங்கும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் தெளிந்த தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போகும். கசடு ஏற ஏறத் தெளிவதற்கு இடம் இருக்காது, மலமும் சேர்ந்தே போய் உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். அதனால்தான் 2, 3 வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வது.

14 வருடமாக நிரம்பவில்லை என்றால் அடி திறந்திருக்கிறது, இல்லை விரிசல். கதிரவன், போர்வெல் எவ்வளவு தூரத்தில்?

கதிரவன்:
பத்துப் பன்னிரண்டு அடி. குளிக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீர்தான். குடிக்க மட்டும் கேன்.

பெருமாள்:
போர் 300 அடி போயிருக்கும். அவ்வளவு ஆழத்துக்கு எதுவும் இறங்காது. மண்தான் வடிகட்டி.

மீனா:
மண் இருக்கும் வரைதான் அண்ணா. மதுரைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பாறைக்குள் தண்ணீர் விரிசல் வழியாகத்தான் ஓடுகிறது, அங்கே வடிகட்ட மண் ஏது? போருக்குள் இறக்கியிருக்கும் கேசிங் பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகவும் இறங்கும். உறிஞ்சுகுழிக்கும் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் 18 மீட்டராவது வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு. கிட்டத்தட்ட 60 அடி.

சரவணன்:
எடுத்தால் மட்டும் என்ன? எங்கள் ஊர்க் கண்மாயில் ராத்திரி லாரி நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறார்கள். மாடு குடிக்கும் தண்ணீர் அது. நம் வீட்டுக் கழிவு நம் மண்ணிலேயே மக்கட்டும். பாக்டீரியா பவுடர் போட்டால் போதாதா?

மீனா:
உங்கள் கோபம் முழுக்க நியாயம். அப்படிக் கொட்டுகிற லாரியைக் கூப்பிடவே கூடாது. நகராட்சியோ பேரூராட்சியோ உரிமம் கொடுத்த வண்டியா, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு அமர்த்துங்கள். கழிவு அகற்றுவதற்கான உதவி எண் 14420க்கு அழைத்தும் விசாரிக்கலாம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி பேரூராட்சியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017லேயே வந்துவிட்டது, அதன் பிறகு பல ஊர்களில் வந்திருக்கிறது. பவுடர் வேண்டாம், அந்த பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது. மணலையும் முடியையும் எந்தப் பவுடரும் கரைக்காது.

கதிரவன், நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடு. கசடும் ஆடையும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரியைக் கூப்பிடுங்கள். திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நாற்றம் இல்லையே என்று நம்பவும் கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். எக்காரணம் கொண்டும் ஆளை இறக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2023ல் உத்தரவிட்டது. அந்த உயிருக்கு அது ஈடாகாது.

பெருமாள்:
ஆளை இறக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரண்டு சென்டில் வீடு கட்டுகிறவன் 60 அடிக்கு எங்கே போவான்?

மீனா:
இடம் இல்லாவிட்டால் அடியையாவது காங்கிரீட் போட்டு, பக்கச் சுவரையும் பூசி மூடுங்கள். லாரி அடிக்கடி வர வேண்டியிருக்கும். அந்தச் செலவை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் அண்ணா.

கதிரவன்:
போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கிறேன். டேங்குக்கு மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டோம், மூடி தெரியவில்லை. எங்கே இருக்கும்?

பெருமாள்:
கழிவறைக் குழாய் இறங்கும் இடத்துக்கு நேர் மேலே. வென்ட் பைப் பக்கமிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் மாறும். ஸ்லாப் கனம், ஒற்றை ஆளாகத் தூக்காதீர்கள். போட்டோ அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.